தோற்கும் பக்கத்தின் கடைசி இரண்டு ஆண்டுகள்: பசிபிக் போர் விளையாட்டுகளில் ஜப்பான்

ஒரு முழுப் போரை, அதற்குத் தீனி போடும் எண்ணெய்க் கிணறு, எஃகு ஆலை, கப்பல் கட்டும் துறை, உள்நாட்டு அரசியல் எல்லாவற்றோடும் சேர்த்து மேசைப் பலகையிலோ கணினித் திரையிலோ நடத்திப் பார்ப்பது பெருவியூகப் போர் விளையாட்டு. இதில் ஒரு சுற்று ஒரு நாளைக் குறிக்கலாம், இரண்டு மாதத்தையும் குறிக்கலாம். ஒரு சில்லு தனிக் கப்பலாகவும் இருக்கலாம், ஒரு முழுப் படையாகவும் இருக்கலாம். இவ்வகை ஆட்டங்களில் மிகப் பலவற்றுக்கு இரண்டாம் உலகப் போரே களம். அந்தப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் முதலில் பாய்ந்தன, பிறகு தேய்ந்தன. ஆகவே ஆட்டத்தின் பிற்பாதியில் யாராவது ஒருவர் தேயும் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். அவருக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்பதே இந்த உரையின் பொருள். பசிபிக் போரும், அதில் 1944, 1945 ஆண்டுகளின் ஜப்பானும் இங்கே முதன்மை எடுத்துக்காட்டு. ஐரோப்பா போகிற போக்கில் வரும்.

இந்த ஆட்டம் பொழுதுபோக்காவதற்கு முன்பு படைத்துறைப் பயிற்சியாக இருந்தது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் உருவாக்கிய 'கிரீக்ஸ்ஷ்பீல்' 1824-இல் அந்நாட்டுப் படைத்தலைமையின் ஏற்பைப் பெற்றது. கடையில் வாங்கி வீட்டில் ஆடும் வடிவத்தை 1950-களில் 'டாக்டிக்ஸ்' என்ற ஆட்டத்தின் வழியாகத் தொடங்கிவைத்தவர் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ். அவர் நிறுவிய அவலான் ஹில், 1974-இல் ஜான் பிராடோஸ் வடிவமைத்த 'ரைஸ் அண்ட் டிக்ளைன் ஆஃப் த தேர்ட் ரைக்' ஆட்டத்தை வெளியிட்டது. பசிபிக் களத்துக்கு எஸ்பிஐ நிறுவனத்தின் 'வார் இன் த பசிபிக்' 1978-இலும், மார்க் ஹெர்மனின் 'பசிபிக் வார்' 1985-இலும், அவருடையதே ஆன 'எம்பயர் ஆஃப் த சன்' 2005-இலும் வந்தன. கணினியில் கேரி கிரிக்ஸ்பியின் குழு 2004-இல் வெளியிட்ட 'வார் இன் த பசிபிக்', 2009-இல் 'அட்மிரல்ஸ் எடிஷன்' என்ற பெயரில் பெருத்து மறுபிறவி எடுத்தது. இந்தத் துறையில் நீளத்துக்கும் நுணுக்கத்துக்கும் அதை மிஞ்சியது அரிது.

ஜப்பானின் தோல்வியை முதலில் ஆடிப் பார்த்தவர்கள் ஜப்பானியர்களே. டோக்கியோவில் பிரதமரின் கீழ் அமைந்த 'முழுப்போர் ஆய்வு நிறுவனம்' 1941 கோடையில் இளம் அதிகாரிகளையும் படையினரையும் கொண்டு ஒரு மாதிரி அமைச்சரவை அமைத்தது. அமெரிக்காவோடு போர் மூண்டால் எண்ணெய், கப்பல், எஃகு என்ன ஆகும் என்று மாதம் மாதமாகக் கணக்குப் போட்டார்கள். போர் நீளும், சரக்குக் கப்பல்கள் தீரும், சோவியத் ஒன்றியமும் கடைசியில் எதிரே வந்து நிற்கும், நாடு தோற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகஸ்ட் கடைசியில் அது பிரதமர் கொனோயே, போர் அமைச்சர் தோஜோ முன்னிலையில் வாசிக்கப்பட்டது. நான்கு மாதம் கழியும் முன்பே போர் தொடங்கிவிட்டது.

மறு ஆண்டு மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானின் 'யமாதோ' போர்க்கப்பலில் நடந்த மேசை ஆட்டம் இதற்கு நேர்மாறான கதை. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளான ஃபுச்சிதாவும் ஒகுமியாவும் எழுதிய நூலின்படி, பகடை சொன்ன சேதத்தை நடுவராக இருந்த உகாகி குறைத்துவிட்டார். மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று மீண்டும் மிதந்தது. தனியாகக் கணினியோடு ஆடுகிறவர் தோற்ற சுற்றை அழித்துவிட்டு முந்தைய நாளின் சேமிப்பைத் திறப்பதும் இதே காரியம்தான். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோற்கும் பக்கத்தின் ஆட்டம் உண்மையான ஆட்டமாகிறது.

தோல்வி இந்த ஆட்டங்களில் தற்செயலாக வருவதில்லை. அது அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. எந்தச் சுற்றில் எந்தக் கப்பல் களத்துக்கு வரும் என்பதை வரலாற்றைப் பார்த்தே வடிவமைப்பாளர்கள் எழுதுகிறார்கள். வரலாறு சொல்வது இது: எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகள் மட்டும் 1942 கடைசியிலிருந்து போர் முடிவதற்குள் 17 அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தன. இன்டிபென்டன்ஸ் வகை இலகு விமானந்தாங்கிகள் ஒன்பதும் 1943 ஒரே ஆண்டில் வந்தன. ஜப்பான் 1944-இல் கட்டி முடித்த பெரிய விமானந்தாங்கிகள் தைஹோ, உன்ரியூ, அமாகி, கட்சுராகி, ஷினானோ என்ற ஐந்து. தைஹோ முதல் சண்டையிலேயே போனது. ஷினானோ சண்டையையே பார்க்காமல் நவம்பர் 29 அன்று ஒரு நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. மற்ற மூன்றுக்கும் ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற விமானிகள் இல்லை. ஆட்டக்காரர் மிட்வேயைத் தவிர்த்துவிட்டாலும், அங்கே மூழ்கிய நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளைக் காப்பாற்றிவிட்டாலும், இந்த அட்டவணை மாறுவதில்லை. தோல்வியின் தேதி சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவே.

அப்படியானால் ஜப்பானை ஆட யார் வருவார்கள்? இந்தக் கேள்விக்கு விடை வெற்றி விதிகளில் இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் பலம் ஒன்றல்ல, நகரும் விதம் ஒன்றல்ல, வெல்லும் வழியும் ஒன்றல்ல. ஆனாலும் இரு பக்கமும் வெல்ல முடியும். நல்ல பெருவியூக ஆட்டமும் அப்படித்தான் கட்டப்படுகிறது. போரில் தோற்பதும் ஆட்டத்தில் தோற்பதும் வெவ்வேறு என்று விதிநூல் முதலிலேயே பிரித்துவிடுகிறது.

பிரிக்கும் முறை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. 'அட்மிரல்ஸ் எடிஷன்' எல்லாவற்றுக்கும் புள்ளி தருகிறது: பிடித்த தளம், மூழ்கடித்த கப்பல், வீழ்த்திய விமானம், அழித்த படை, எரித்த தொழிற்சாலை. இரு பக்கப் புள்ளிகளின் விகிதம் 1943 தொடங்கும்போது நாலுக்கு ஒன்று, 1944 தொடங்கும்போது மூன்றுக்கு ஒன்று, 1945 தொடங்கும்போது இரண்டுக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் ஆட்டம் அங்கேயே முடியும். இந்தக் குறையும் விகிதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. முதல் பாதியில் அது ஜப்பானுக்கு ஆசை காட்டுகிறது. 1945-இல் அதே விதி ஜப்பானுக்குக் கிடங்குக் கணக்குப் பிள்ளையின் வேலையைத் தந்துவிடுகிறது: எந்தத் தளம் போனால் எத்தனை புள்ளி, எந்தக் கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்காமலிருந்தால் எத்தனை புள்ளி மிச்சம்.

'எம்பயர் ஆஃப் த சன்' வேறு வழியில் போகிறது. அதில் அமெரிக்க மக்களின் போர் உறுதியை அளக்கும் ஒரு கோடு உண்டு. அது பூஜ்யத்தைத் தொட்டால் வாஷிங்டன் சமரசம் பேசுகிறது, ஜப்பான் வெல்கிறது. நேசநாட்டு ஆட்டக்காரர் சும்மா இருந்து பலம் சேர்க்கவும் முடியாது. சுற்றுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களைப் பிடித்துக் காட்டியாக வேண்டும், தவறினால் அந்தக் கோடு ஒரு படி இறங்கும். ஜப்பானியத் தலைமை உண்மையாகவே நம்பியிருந்த நம்பிக்கை இது. எதிரியைத் தோற்கடிக்க முடியாது, சலிக்க வைக்க முடியும் என்பதே டோக்கியோவின் கணக்கு. அந்தக் கணக்கை விதியாக்கிய வகையில் ஹெர்மனின் ஆட்டம் மற்றவற்றைவிட ஆழமானது.

ஆஸ்திரேலியாவில் 1985-இல் உருவான 'வேர்ல்ட் இன் ஃபிளேம்ஸ்' ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ஏலம் நடக்கிறது. எந்த நாட்டை ஆட விரும்புகிறாரோ அதற்கு இத்தனை நகரங்களை முடிவில் வைத்திருப்பேன் என்று ஒவ்வொருவரும் கேட்கிறார். ஏலத்தில் குறைவாகக் கேட்டு ஜப்பானைப் பெற்றவர், டோக்கியோவைச் சுற்றிச் சில இடங்களோடு 1945 கோடையைத் தாண்டினாலே மேசையில் முதலாவதாக வந்துவிடலாம்.

மூன்று முறைக்கும் அடியில் இருப்பது ஒன்றே. பிற்பாதியில் தோற்கும் பக்கத்தின் நாணயம் காலம். நிலம், கப்பல், எண்ணெய், விமானி எல்லாம் அந்த நாணயமாக மாற்றப்பட வேண்டிய சரக்கு. எந்தச் சரக்கை எந்த நாளில் என்ன விலைக்கு விற்பது என்று எதிரி கேட்பதற்கு முன்பே முடிவு செய்கிறவர் நன்றாக ஆடுகிறார். எதிரி வந்து பறிக்கும்வரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பவர் எல்லாவற்றையும் மலிவாக இழக்கிறார்.

காலத்தை அளக்க முதலில் வரைபடத்தில் வட்டம் போட வேண்டும். மரியானா தீவுகளிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பி-29 குண்டுவீச்சு விமானம் போய்த் திரும்பும் தூரம் அது. 1944 ஜூன் 15 அன்று சைப்பான் தீவில் அமெரிக்கர் இறங்கினார்கள், நவம்பர் 24 அன்று அங்கிருந்து டோக்கியோ மீது முதல் தாக்குதல் நடந்தது. ஆகவே பசிபிக் ஆட்டத்தின் பிற்பாதியில் மரியானா எந்த மாதம் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றத் தேதிகள் அமைகின்றன. வரலாற்றைவிட ஆறு மாதம் தாமதமாக விழுந்தால், நகரங்கள் எரிவதும் ஆலைகள் நிற்பதும் ஆறு மாதம் தள்ளிப்போகும், எதிரிக்குச் சேர வேண்டிய புள்ளிகளும் தள்ளிப்போகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் 1942-இலேயே சைப்பானிலும் குவாமிலும் அரண் கட்டத் தொடங்குவார்கள். அப்போது அங்கே எதிரி இல்லை, பொறியாளர் படைக்கு வேறு வேலையும் இல்லை. கட்டுமானத்துக்கு அதைவிட நல்ல நேரம் வராது.

கை விடுவது இதைவிடக் கடினமான கலை. அட்மிரல்ஸ் எடிஷனின் வரைபடம் மேற்கே இந்தியாவரை விரிவது. கொழும்பு, திரிகோணமலை, சென்னை எல்லாம் அதில் தளங்கள். வரலாற்றில் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திரிகோணமலையையும் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் தாக்கிவிட்டுத் திரும்பிப் போயின. ஆட்டத்தில் பலர் திரும்பிப் போவதில்லை. இலங்கையில் படையை இறக்கிவிடுகிறார்கள். அந்த ஆண்டு அது அழகான வெற்றி, புள்ளியும் நிறைய. 1944-இல் அதே டிவிஷன்கள் சப்ளை இல்லாமல், ஏற்றிவரக் கப்பல் இல்லாமல், போரின் மையத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் தளத்தில் ஜப்பானுக்கு நேர்ந்ததும் இதுதான். நேசநாடுகள் அதைப் பிடிக்கவே இல்லை, சுற்றிவளைத்துத் தாண்டிப் போய்விட்டன. பல பத்தாயிரம் வீரர்கள் போர் முடியும்வரை அங்கே காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் இதற்கு மருந்து உண்டு: எதிரி தாண்டிப் போகப்போகும் தளத்தை அவர் வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே காலி செய்வது. வெற்றிகரமாக இருக்கும் இடத்திலிருந்து பின்வாங்க மனம் வராது. அந்த மனத்தடைதான் ஜப்பானைப் புதிதாக ஆடுபவரின் முதல் எதிரி.

விட்டதுபோக மிஞ்சியதை எப்படிக் காப்பது என்பதற்கு இவோ ஜிமாவும் ஒகினாவாவும் பாடம். இவோ ஜிமாவில் ஜப்பானியத் தளபதி குரிபயாஷி கடற்கரையில் முட்டி மோதும் பழைய வழக்கத்தைக் கைவிட்டார், வாளை உருவிக்கொண்டு ஓடும் தற்கொலைப் பாய்ச்சலைத் தடுத்தார், எரிமலைப் பாறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் தோண்டினார். ஏறத்தாழ 21,000 பேர் 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நின்றார்கள். அமெரிக்கர் பக்கம் இறந்தவரும் காயம்பட்டவருமாகச் சேதம் 26,000 அளவில். ஒகினாவாவில் கர்னல் யஹாராவின் திட்டமும் அப்படிப்பட்டதே: கடற்கரையை விட்டுக்கொடு, ஷூரி மலைவரிசையில் நில். அங்கே நின்ற ஜப்பானிய 32-ஆம் படையின் தலைமை அதை முழுமையாகப் பொறுத்திருக்கவில்லை. மே 4 அன்று அதன் தலைமை அதிகாரிகளில் ஒருவரான சோ இசாமுவின் வற்புறுத்தலில் எதிர்த்தாக்குதல் தொடுத்து ஆயிரக்கணக்கான வீரர்களை ஓரிரு நாளில் இழந்தது. ஆட்டத்தில் அமெரிக்கப் படைக்குப் பக்கத்தில் ஒரு பலவீனமான சில்லு தெரியும்போது ஜப்பானிய ஆட்டக்காரரின் விரல் துடிப்பது இந்த மே 4-இன் மறுபதிப்பு. பெரும்பாலான ஆட்டங்களில் அரணும் மலைக் கட்டமும் காப்பவரின் பலத்தைப் பல மடங்காக்கும், தாக்கப் புறப்பட்டதும் அந்தப் பெருக்கம் போய்விடும். பிற்பாதியில் எதிர்த்தாக்குதல் அநேகமாக எப்போதும் தவறு. விதிவிலக்கு உண்டு: எதிரி இறங்கிய முதல் நாள், அவருடைய பீரங்கி கரைசேரும் முன்.

அடுத்தது எண்ணெய். பலெம்பாங், பாலிக்பப்பான், தாராக்கான், மிரி ஆகிய தெற்குக் கிணறுகளுக்கும் ஜப்பானின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் நடுவே தென்சீனக் கடல் கிடக்கிறது; அதில் அமெரிக்க நீர்மூழ்கிகள் கிடக்கின்றன. 1944-இல் ஜப்பானியக் கப்பற்படை கிணறுகளின் அருகே, சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்காவிலும் போர்னியோ பக்கம் தாவி-தாவியிலும் தங்கியதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் வீட்டுக்கு வரவில்லை, கப்பல் எண்ணெயைத் தேடிப் போனது. பிலிப்பைன்ஸ் விழுந்தால் இந்தக் கயிறு அறுந்துவிடும். ஆகவே ஆட்டத்தில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு விழும் நாளுக்கு முன்பே உள்நாட்டுத் தொட்டிகளை நிரப்பியிருக்க வேண்டும். வரலாற்றில் கடைசியாக நடந்த ஒரு முயற்சி விளையாட்டுக்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானது. 1945 பிப்ரவரி 10 அன்று இசே, ஹ்யூகா என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் பீப்பாய்களில் எரிபொருளையும், ரப்பர், தகரம் போன்ற சரக்கையும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்பின. வழிநெடுகப் பல நீர்மூழ்கிகள் காத்திருந்தும் பத்தாம் நாள் கூரே துறைமுகத்தைச் சேர்ந்தன. போர்க்கப்பல் சுமைவண்டியான கதை அது. பீரங்கிக்கு இலக்கு மிஞ்சாத காலத்தில் அந்தக் கப்பலுக்கு அதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது.

கப்பற்படையை என்ன செய்வது என்பதில் ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. துறைமுகத்திலேயே வைத்திருந்தால் எதிரி எந்தத் திசையில் இறங்கினாலும் அதற்கு ஒரு காவல் அணியை ஒதுக்க வேண்டியிருக்கும். இருப்பதே அதன் வேலை என்பது ஒரு கட்சி. எண்ணெய் தீர்ந்த பின் கப்பல் வெறும் இரும்பு, துறைமுகத்தில் குண்டு விழுந்து மூழ்குவதைவிட ஒரே சண்டையில் கொட்டித் தீர்ப்பது மேல் என்பது மறு கட்சி. இரண்டாவதற்கு 1944 அக்டோபர் லெய்ட்டே சண்டையை ஆதாரம் காட்டுவார்கள். ஜப்பானிய அட்மிரல் ஓசாவா நூற்றுச் சொச்சம் விமானங்களோடு நான்கு விமானந்தாங்கிகளை வடக்கே தூண்டிலாகத் தொங்கவிட்டார். அமெரிக்க அட்மிரல் ஹால்சியின் பெரும்படை அந்தத் தூண்டிலைக் கவ்வி வடக்கே ஓடியது. சான் பெர்னார்டினோ நீரிணை காவலின்றிக் கிடந்தது. யமாதோவோடு அதன் வழியே வந்த ஜப்பானிய அட்மிரல் குரிதா, அக்டோபர் 25 காலை சமார் தீவருகே அமெரிக்காவின் சிறிய காவல் விமானந்தாங்கிகளின் அணியைக் கண்டு சுட்டார், பிறகு திரும்பிப் போய்விட்டார். தூண்டில் வேலை செய்தது, மீன் கரைக்கு வரவில்லை. ஓசாவாவின் நான்கு கப்பலும் அன்றே மூழ்கின. ஆட்டத்தில் இதை மறுபடி நடத்தி வென்றவர்கள் உண்டு. ஆனால் எதிரே இருப்பவரும் அதே வரலாற்றைப் படித்தவர் என்பதால் ஹால்சியாக மாற அவர் எளிதில் இசைவதில்லை. முதல் கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். தூண்டில் போடுவதாக இருந்தால் எதிரி இன்னும் பேராசைப்படக்கூடிய நேரத்தில், 1944-இன் முதல் பாதியில் போட வேண்டும்.

விமானிகளைப் பற்றி ஒரு சொல் போதும்: சேமிப்பு. 1944 ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடலில் ஒன்பது ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் வீழ்ந்தது. விமானத்துக்குப் பஞ்சமில்லை, ஓட்டத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே சாலமன் தீவுகளில் செத்துப் போயிருந்தார்கள். அட்மிரல்ஸ் எடிஷனில் ஒவ்வொரு விமானிக்கும் திறன் எண் உண்டு. அதில் தேர்ந்த சிலரை 1942-இலேயே களத்திலிருந்து எடுத்துப் பயிற்சிக் குழுக்களுக்கு அனுப்புபவரிடம்தான் இரண்டு ஆண்டு கழித்து நல்ல விமானிகள் மிஞ்சுகிறார்கள்.

விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதி இறக்கும் கமிகாசே தாக்குதலும் பல ஆட்டங்களில் விதியாக வருகிறது. கணக்கில் அது மிகச் சிக்கனமான ஆயுதம். அதைச் சிக்கனம் என்று சொல்ல வைப்பதே இந்தக் கணக்கு முறையின் பெரிய ஓட்டை. ஒகினாவாவில் இறந்த பொதுமக்கள் ஒரு லட்சம் அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆட்டத்தில் அவர்களுக்குச் சில்லு கிடையாது. 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோவில் எரிந்தவர்களும் 'தொழிற்சாலை சேதம்' என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஜப்பானிய ஆட்டக்காரர் வாங்கிய மூன்று மாதம் என்பது வரலாற்றில் யாருடைய உயிரால் வாங்கப்பட்டது என்பதை விதிநூல் கேட்பதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் முன்னாள் பிரதமர் கொனோயே, தோல்வி உறுதி, போரை முடித்துவிடுங்கள் என்று பேரரசரிடம் முறையிட்டார். அந்தத் தெரிவு பெரும்பாலான ஆட்டங்களில் ஆட்டக்காரர் முன் வைக்கப்படுவதே இல்லை. இது வடிவமைப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

உள்நாட்டுப் பொருளாதாரத்தில் செய்ய வேண்டியது மூடுவிழா. போர் தொடங்கும்போது ஏறத்தாழ 60 லட்சம் டன் இருந்த ஜப்பானிய வணிகக் கப்பல்கள், முடியும்போது அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்கே தேறின. 1945 மார்ச் 27 முதல் பி-29-கள் உள்நாட்டு நீரிணைகளில் கண்ணிவெடி தூவத் தொடங்கியதும் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு அரிசி போவதே அநேகமாக நின்றுபோனது. எனவே ஆட்டத்தில் 1944 நடுவிலேயே புதிய போர்க்கப்பல் கட்டுவதை நிறுத்தி, அந்தத் தொழில் திறனைப் போர் விமானத்துக்கும் எஞ்சினுக்கும் திருப்புவது வழக்கம். 1946-இல்தான் மிதக்கும் ஒரு கப்பலுக்கு எஃகு கொடுப்பது வீண். ஆனாலும் பாதி கட்டிய விமானந்தாங்கியை நிறுத்த முடியாமல் தவிக்கிற ஆட்டக்காரர்கள் ஏராளம்.

ஐரோப்பிய ஆட்டங்களில் இதே பிரச்சினை வேறு உருவெடுக்கிறது. 'தேர்ட் ரைக்' ஆட்டத்தில் ஒவ்வொரு பருவத்திலும் யார் முதலில் நகர்வது என்பதை வள அலகுகளின் கையிருப்பு தீர்மானிக்கிறது. அதிகம் வைத்திருப்பவர் முதலில் நகர்வார். பல ஆண்டுகள் முதலில் நகர்ந்துவந்த ஜெர்மனியின் கையிருப்பை அமெரிக்கா வந்தபின் நேசநாடுகள் தாண்டும் பருவம் ஒன்று வரும். முந்தைய பருவத்தில் இரண்டாவதாக நகர்ந்தவர் இப்போது முதலாவதாக நகர்வதால், அவருக்கு இடைவெளியின்றி இரண்டு நகர்வு கிடைத்துவிடும். முதல் நகர்வில் உடைத்த கோட்டின் வழியே இரண்டாவதில் டாங்கிகள் பாய்ந்துவிடும். ஜெர்மனிக்கு ஓட்டையை அடைக்க வாய்ப்பே இராது. பல ஆட்டங்கள் இந்த ஒரு பருவத்தில் முடிந்துபோகின்றன. தேர்ந்த ஜெர்மன் ஆட்டக்காரர் அது எப்போது வரும் என்று எதிராளியின் கையிருப்பை எண்ணிக்கொண்டே இருப்பார். சில நேரம் தன் செலவை வேண்டுமென்றே கூட்டி, எதிரி தயாராகும் முன்பே, கோடைக்குப் பதில் குளிர்காலத்தில் அந்தத் திருப்பத்தை வரவழைத்துவிடுவார். வரப்போவது உறுதியான அடியை எப்போது வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது தோற்கும் பக்கத்துக்கு மிஞ்சிய உரிமைகளில் பெரியது.

பலர் ஆடும் ஆட்டங்களில் இன்னொன்றும் சேர்கிறது. ஆலன் காலமர் 1959-இல் வெளியிட்ட 'டிப்ளமசி' ஆட்டத்தில் 34 வள மையங்களில் 18 பிடித்தவர் வெல்கிறார். எல்லாரும் சேர்ந்து மிச்சம் 17-ஐ உடைக்க முடியாத ஒரு வரிசையில் காத்துவிட்டால் ஆட்டம் சமன். அந்த வரிசையின் ஒரு கட்டம் தோற்றுக்கொண்டிருக்கும் குட்டி நாட்டின் கையில் இருக்கும். இரண்டு சில்லு மட்டும் மிஞ்சியவரிடம் பெரிய வல்லரசுகள் கெஞ்சும் காட்சி இந்த ஆட்டத்தில் புதிதன்று. அவர் கோபத்தில் வாக்கை மாற்றினால் முடிவே மாறும்.

எதிராளியின் மனமும் ஒரு களம். வெல்லும் பக்கத்துக்கு 1944 முதல் ஒரு நோய் பிடிக்கிறது: முடித்துவிடும் அவசரம். பலம் இருக்கிறது, காலம் போகிறது, அடுத்த தீவை ஒத்திகை இல்லாமல் எடுக்கலாம் என்று தோன்றும். ஒவ்வொரு தீவிலும் எதிர்பார்த்ததைவிட ஒரு வாரம் கூடுதலாகச் சண்டை இழுக்கும்போது அவசரம் கூடும், காவல் இல்லாமல் சரக்குக் கப்பல் அணி முன்னே வரும். ஜப்பான் ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த விமானங்களுக்கு அந்த ஒரு நாள் போதும். ஆகவே கையிருப்பை எதிரியின் கண்ணில் படாமல் வைப்பதும், சில வாரம் எதுவும் நடக்காதது போலக் கிடப்பதும் பிற்பாதியின் நுட்பங்கள். திரும்பத் திரும்பச் சிறு சிறு தாக்குதல் நடத்துபவர் எதிரியை விழிப்பாகவே வைத்திருக்க உதவுகிறார்.

இனி, ஆட்டத்தைத் தொடர்வதா என்ற கேள்வி. அட்மிரல்ஸ் எடிஷனில் ஒரு சுற்று ஒரு நாள். 1941 டிசம்பர் 7 முதல் 1945 ஆகஸ்ட் 15 வரை 1,348 நாட்கள் உள்ளன. இருவர் மின்னஞ்சலில் நாளைக்கு ஒரு சுற்று தவறாமல் அனுப்பினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். முதல் ஓர் ஆண்டு ஜப்பான் வெளுத்து வாங்குகிறது. நேசநாட்டு ஆட்டக்காரர் கப்பலைப் பறிகொடுத்தபடி, பின்வாங்கியபடி பொறுத்துக்கொள்கிறார். அவர் பொறுப்பது தன் முறை வரும் என்ற நம்பிக்கையில். அந்த முறை வரும்போது ஜப்பானிய ஆட்டக்காரர் வேலைப்பளு என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காணாமல் போவது இந்தத் துறையில் மிகப் பழைய மனக்குறை. சிலியைச் சேர்ந்த ரொபர்த்தோ பொலானோ, இறந்தபின் 2010-இல் வெளியான 'தேர்ட் ரைக்' என்ற நாவலில் இந்த உறவையே கதையாக்கியிருக்கிறார். அதில் ஜெர்மானியச் சாம்பியன் ஊடோ பெர்கர், ஸ்பெயின் கடற்கரையில் உடல் முழுதும் தீக்காயத் தழும்போடு மிதிபடகு வாடகைக்கு விடும் ஒருவனுக்கு அதே பெயருள்ள ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறான். தான் ஜெர்மனியை ஆடுகிறான். மெல்லமெல்லத் தோற்கத் தொடங்கும்போது எழுந்து போக முடியாமல் தவிக்கிறான்.

சரணடைவதில் தவறில்லை. விகிதம் கைமீறிவிட்டது, இனி எந்தத் தேதியும் மாறாது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் பலகையை மடித்துவிடலாம். இதற்கு நேர்மையான ஒரு வழி, அதே இருவர் பக்கம் மாறி மறுபடி ஆடி, யாருடைய ஜப்பான் அதிக நாள் நின்றது, யாருடைய சைப்பான் எந்த மாதம் விழுந்தது என்று ஒப்பிடுவது. அதற்கு நேரம் இல்லாதவர்கள் 1944-இல் தொடங்கும் குறுங்காட்சிகளைத் தேர்ந்துகொள்ளலாம். எம்பயர் ஆஃப் த சன்னில் அத்தகையது உண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். முழுப் போரையும் ஜப்பானாக ஆட உட்காருகிறவர், 1944-க்குப் பிறகும் இருப்பாரா மாட்டாரா என்பதை முதல் சுற்றை அனுப்பும் முன்பே எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும்.